உப்புக் காற்றில் ஒரு கொல்லை: ராமநாதபுரம் கடலோர வீடுகளுக்கான கேள்விகளும் பதில்களும்

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில் ஒரு மணல் மேட்டில் எங்கள் வீடு இருக்கிறது. வடக்கே நடந்தால் பாக் விரிகுடா, தெற்கே நடந்தால் மன்னார் வளைகுடா. வீடு கட்டி முடித்த கையோடு கொல்லையை வெளியூர் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் ஒப்படைத்தேன். புல்தரை, வரிசையாக அலங்காரப் பனை, செம்மண் பாத்தி என்று படத்தில் காட்டியபடியே செய்துகொடுத்தார். பங்குனியில் நட்டார்கள். ஆடிக் காற்று ஓய்ந்தபோது உயிரோடு நின்றவை இரண்டு அரளிச் செடிகள். அவர் கெட்டவர் அல்லர். எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்க்கவும் இல்லை, காற்று எந்தப் பக்கம் என்று கேட்கவும் இல்லை. தவறு அங்கேதான் தொடங்கியது. அதற்குப் பிறகு கிணறு தோண்டுகிறவர்களிடமும் வேலி கட்டுகிறவர்களிடமும் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டதை, புதிதாக வீடு கட்டுகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளின் வரிசையிலேயே எழுதுகிறேன்.

கேள்வி: தோட்டம் அமைத்துத் தருகிறவரை எங்கே தேடுவது?

ஆவணி மாதத்தில் உங்கள் ஊர்த் தெருக்களில் ஒரு மாலை நடந்து பாருங்கள். ஆடி முழுவதும் அடித்த காற்றுக்குப் பிறகும் இலை கருகாமல் நிற்கும் கொல்லை எது என்று தெரியும். அந்த வீட்டுக் கதவைத் தட்டி, யார் வைத்தது, யார் பார்த்துக்கொள்கிறார் என்று கேளுங்கள். நம் ஊர்களில் இப்படிக் கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. உட்கார வைத்துத் தேநீர் கொடுத்து, போகும்போது ஒரு முருங்கைக் கொம்பையும் வெட்டிக் கொடுப்பார்கள். கைப்பேசியில் பார்க்கும் ஆயிரம் படங்களைவிட இந்த ஒரு மாலை நடை பயன் தரும்.

எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் விட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எங்கள் வீட்டில் இரண்டாவது முறை மூன்று பேர் வேலை செய்தார்கள். உறைக்கிணறு இறக்குகிற பெரியவர் ஒருவர், பனை மட்டையில் வேலி கட்டுகிறவர் ஒருவர், நாற்றுப்பண்ணை வைத்திருப்பவர் ஒருவர். ராமேசுவரம் தீவில் தங்கச்சிமடம் மல்லிகை நாற்றுக்குப் பெயர்போனது. அங்கிருந்து வெளி மாவட்டங்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் நாற்று போகிறது. மணலில் வேர் பிடிக்கவைக்கும் பக்குவம் அந்தக் குடும்பங்களின் கைகளில் இருக்கிறது. அலங்காரத் தோட்டம் அமைப்பவர் என்று பலகை மாட்டாதவர்கள்தான் அவர்கள். ஆனாலும் நான் அவர்களிடமே முதலில் போவேன்.

கேள்வி: வருகிறவர் வேலை தெரிந்தவர்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அவர் கேட்கும் முதல் கேள்வியைக் கவனியுங்கள். "எவ்வளவு செலவு செய்யலாம் என்று இருக்கிறீர்கள்?" என்று தொடங்குகிறவரைக் காட்டிலும், "தண்ணீர் எப்படி, சித்திரையிலும் இப்படியேதான் இருக்குமா?" என்று தொடங்குகிறவர் நமக்கு வேண்டியவர். நாங்கள் இரண்டாவதாக அழைத்த நாற்றுப்பண்ணைக்காரர் வந்ததும் வாசலில் நிற்கவில்லை. நேரே கிணற்றடிக்குப் போனார், ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் வைத்தார், பிறகு பக்கத்துத் தோப்பின் மரங்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று பார்த்தார். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார்.

நீங்களும் அவரிடம் கேளுங்கள். இரண்டு வருடங்களுக்கு முன் நீங்கள் செய்த வேலை ஒன்றைக் காட்டுவீர்களா? மண் எங்கிருந்து கொண்டுவருவீர்கள்? பட்டுப்போகிற கன்றுக்கு என்ன பொறுப்பு? போன மாதம் முடித்த தோட்டத்தைப் பார்ப்பதில் பயன் இல்லை, நட்ட மாதத்தில் எல்லாத் தோட்டமும் அழகாகவே இருக்கும். ஒரு கோடையையும், மேற்கிலிருந்து அடிக்கும் ஒரு கச்சான் காற்றையும் கடந்ததைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: எங்கள் தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரிக்கிறது. செடிக்கு ஆகுமா?

நாக்கு ஓரளவுக்குச் சொல்லும். சரியாகத் தெரிய, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர், கைக்கு அடக்கமானது, ஒன்று வாங்கிவிடுங்கள். கார்த்திகையில் ஒருமுறை, சித்திரை கடைசியில் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் உங்கள் கிணற்றின் குணத்தையே சொல்லிவிடும். ஒரு லிட்டரில் கரைந்த உப்பு 450 மில்லிகிராமுக்குள் இருந்தால் எந்தச் செடியும் வைக்கலாம். 450 முதல் 2,000 வரை என்றால் செடியைத் தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும். 2,000ஐத் தாண்டினால் உப்பைத் தாங்கும் மரங்கள் மட்டுமே, அவற்றுக்கும் முதல் இரண்டு கோடைக்கு நல்ல தண்ணீர் கொடுத்து வளர்த்துவிட வேண்டும்.

அளக்கும்போது தலைகீழாகவும் யோசிக்காதீர்கள். கடல் பக்கத்தில் இருப்பதாலேயே தண்ணீர் உப்பு என்று முடிவு கட்ட வேண்டாம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியில், இரண்டு கடலுக்கு நடுவே, இன்றும் மணலில் கையால் பள்ளம் பறித்து ஊற்று நீர் எடுத்துக் குடிக்கிறார்கள்.

கேள்வி: அப்படியானால் ஆழமாக ஆழ்துளைக் கிணறு போட்டால் நல்ல தண்ணீர் நிறைய வருமே?

இந்த ஒரு விஷயத்தில் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். உள்நாட்டில் ஆழம் போனால் தண்ணீர் கிடைக்கும், நம் மணல் கரையில் ஆழம் போனால் கடல் கிடைக்கும்.

மழைநீர் மணலுக்குள் இறங்கி, எடை கூடிய உப்பு நீரின் மேல் தட்டுப்போல மிதக்கிறது. அந்தத் தட்டுதான் நம் கிணறு, நம் ஊற்று, நம் தென்னந்தோப்பு எல்லாம். கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி உயரத்துக்கு நல்ல நீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நல்ல நீர் இருக்கும் என்பது கடலோர நிலத்தடி நீருக்குரிய கணக்கு. அதே கணக்கு எதிராகவும் நடக்கும். பெரிய மோட்டார் வைத்து ஒரேயடியாக இறைத்து மேல்மட்டத்தை 1 அடி தாழ்த்தினால், கீழேயிருந்து உப்பு நீர் 40 அடி ஏறப் பார்க்கும். ஏறிய உப்பு ஒரு மழையில் இறங்கிவிடாது. உங்கள் மோட்டார் பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்துக் கெடுக்கும்.

ஆகவே ஆழம் குறைந்த, அகலமான உறைக்கிணறு போதும். சின்ன மோட்டார் வையுங்கள். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று இறையுங்கள். எங்கள் பெரியவர் நான்கு உறையோடு நிறுத்திவிட்டார். நான் இன்னும் இரண்டு இறக்கலாமே என்றேன். "தம்பி, கீழே இருப்பது நம்முடையது இல்லை" என்றார்.

மழைநீரை மறந்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003இலேயே கட்டாயமாக்கப்பட்டது, ஆனால் பல வீடுகளில் குழாய் தெருவைப் பார்த்தே திரும்பியிருக்கிறது. நம் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடும். 1,000 சதுர அடி மாடியில் விழுவதில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் ஏறத்தாழ 60,000 லிட்டர் மிஞ்சுகிறது. அதைக் கிணற்றடி மணலில் இறக்கினால் அந்தத் தட்டு தடிக்கும். தோட்டத்துக்கென்று ஒதுக்கிய பணத்தில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும்.

கேள்வி: சுத்திகரிப்பு இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரைச் செடிக்கு விடலாமா?

வேண்டாம். குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். துணி அலசிய நீரும் வேண்டாம். பாத்திரம் கழுவிய நீரில் சவர்க்காரம் குறைவாக இருந்தால் வாழைக்கும் தென்னைக்கும் விடலாம்.

கேள்வி: மண்ணில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பரிசோதனைக்கு முன் போடாதீர்கள். உவர் வேறு, களர் வேறு. வெயில் காலத்தில் மேலே வெள்ளையாக உப்புப் பூத்து, மழை பெய்தால் தண்ணீர் எளிதாக உள்ளே இறங்கும் மண் உவர். அதற்கு ஜிப்சத்தால் பயன் இல்லை, நல்ல தண்ணீரால் கழுவி உப்பைக் கீழே இறக்குவதுதான் மருந்து. மழைத் தண்ணீர் நாள் கணக்கில் தேங்கி நின்று, காய்ந்தால் ஓடு போல இறுகி வெடிக்கும் மண் களர். அதன் கார அமில நிலை பொதுவாக 8.5ஐத் தாண்டியிருக்கும். ஜிப்சம் வேலை செய்வது அங்கேதான். தெரியாமல் மூட்டை மூட்டையாகப் போட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

கொல்லையில் ஐந்தாறு இடங்களில் ஆங்கில 'வி' எழுத்துப் போலக் குழி பறித்து, அதன் ஓரத்து மண்ணைச் சுரண்டி, எல்லாவற்றையும் கலந்து அரைக் கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். மரம் வைக்கும் இடத்தில் 1 அடி, 2 அடி, 3 அடி ஆழ மண்ணைத் தனித்தனியாக எடுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் ராமநாதபுரத்திலேயே இருக்கிறது. நம் மண்ணுக்கென்றே ஏற்பட்ட இடம் அது. வேளாண் அறிவியல் நிலையமும் உண்டு. நாம் போவதில்லை, அவ்வளவுதான்.

உவர் மண்ணைக் கழுவச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. புரட்டாசியில் மண்ணைக் கொத்திப் பொலபொலப்பாக்கி, சுற்றிலும் அரை அடி உயரத்துக்கு வரப்புப் போட்டுவிடுங்கள். ஐப்பசி மழை அதற்குள் நின்று உப்பைக் கரைத்துக்கொண்டு கீழே போகும். ஒரே மழைக்காலத்தில் எங்கள் கிழக்கு மூலையில் கீரை முளைத்தது.

கேள்வி: வெளி மண் அடிக்க வேண்டுமா? எந்த மண்?

கொல்லை முழுவதும் அடிக்க வேண்டாம், குழிகளுக்கும் பாத்திகளுக்கும் மட்டும் போதும். வெறும் மணலில் தண்ணீரும் உரமும் நிற்காது, அதனால் கண்மாயில் படிந்த வண்டலான கரம்பை மண் சேர்ப்பது நம் பக்கத்து வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் எந்தக் கண்மாய் என்று கேளுங்கள். கடல் நீர் ஏறும் ஓடையை ஒட்டிய மண்ணாக இருந்தால் விலை கொடுத்து உப்பை வாங்கியதாகிவிடும். லாரி கொட்டுவதற்கு முன் ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்த பிறகு மீட்டரை வைத்துப் பாருங்கள். கடற்கரை மணலை நிரப்பச் சொல்கிறவரை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அளவிலும் கவனம் வேண்டும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. டிப்பரின் நீளம், அகலம், உயரத்தை அளந்து பெருக்கிப் பாருங்கள். நீங்கள் அளவு நாடாவோடு நிற்பதைப் பார்த்தாலே அடுத்த நடையில் மண் நிறைந்து வரும்.

தென்னைநார்க் கழிவு வாங்கினால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்து அலசிய பிறகே போடுங்கள். உப்பு நீரில் ஊறிய நார் என்றால் அந்த உப்பும் சேர்ந்தே வரும்.

கேள்வி: சுற்றுச்சுவர் உயரமாகக் கட்டிவிட்டோம். பிறகும் செடி கருகுகிறதே?

சுவர் காற்றை நிறுத்தாது. ஏறிக் குதிக்கும் காற்று உள்பக்கம் சுழன்று விழும், கூடவே உப்புத் துளியும் விழும். காற்றைப் பாதி தடுத்துப் பாதி விட வேண்டும். நம் முன்னோர் பனை மட்டையையும் காவோலையையும் கொண்டு கட்டிய வேலி அதைத்தான் செய்தது. சந்துகளில் நுழைந்து வேகம் குறைந்து போகும் காற்று செடியை வருடும், அறையாது. அப்படிப்பட்ட தடுப்பு தன் உயரத்தைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு தூரத்துக்குக் காற்றின் வேகத்தைக் குறைத்துவைக்கும். 6 அடி வேலி என்றால் 60 அடி. பெரும்பாலான வீடுகளின் கொல்லை அதற்குள் அடங்கிவிடும்.

எந்தப் பக்கம் கட்டுவது? வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும். மழைக்காலத்திலும் தை வரையும் வாடை வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும். மன்னார் வளைகுடாப் பக்கத்தில் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்றால் கச்சான் பக்கத்தை முதலில் அடைத்துக் கட்டுங்கள். தேவிபட்டினம், தொண்டி என்றால் வாடைப் பக்கத்துக்கும் சம கவனம் வேண்டும். பாம்பன், மண்டபம்காரர்களுக்கு இரண்டு பக்கமும் வேலைதான்.

மட்டை வேலி நிலையானது அல்ல, மாற்றிக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதன் நிழலில் உயிர்வேலி எழும்பும் வரை அது தாங்கினால் போதும். இரும்புக் கம்பி வேலியை உப்புக் காற்று தின்றுவிடும். போட்டே ஆக வேண்டும் என்றால் கல் தூண் நடுங்கள்.

வேலி கட்டும் கலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். உங்கள் ஊரில் ஒருவர் இருந்தால், அவர் கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: என்னென்ன மரம், செடி வைக்கலாம்?

கடலை நேரே பார்க்கும் முதல் வரிசைக்குப் பூவரசு, புன்னை, புங்கை, தாழை. நெய்தல் நிலத்துக்கு உரியவை என்று பழந்தமிழர் கண்ட புன்னையும் தாழையும் இன்றும் அந்த வேலையைச் செய்கின்றன. பூவரசைப் போத்தாகவே, அதாவது கிளைத் துண்டாகவே, வெட்டி நடலாம், மழைக்காலத்தில் நட்டால் பிடித்துக்கொள்ளும். புன்னை மெதுவாக வளரும், வளர்ந்தபின் அதன் நிழலுக்கு இணை இல்லை. தாழைக்கு ஈரமான ஓரம் வேண்டும். சிவன் கோயில்களில் விலக்கி வைக்கப்படும் தாழம்பூ உத்தரகோசமங்கை சிவன் கோயிலில் சாமிக்குச் சாத்தப்படுகிறது. கொல்லையில் ஒரு தாழை பூத்தால் எங்கள் வீட்டிலிருந்து ஒன்றாவது அங்கே போய்விடும்.

சவுக்கு வேகமாக எழும்பிக் காற்றைத் தடுக்கும், வெறும் மணலிலும் நிற்கும். ஆனால் அதன் அடியில் வேறெதுவும் எளிதில் முளைக்காது, ஆகவே ஓரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குடை விரித்தாற்போல நிற்கும் உடை மரம் நம் கரையின் சொந்தப் பிள்ளை. முள் என்று வெட்டிவிடுகிறார்கள். மனையில் தானாக ஒன்று நின்றால் தயவுசெய்து விட்டுவையுங்கள், ஆட்டுக்கும் நிழல், குருவிக்கும் கூடு.

இரண்டாவது வரிசையில் சப்போட்டா, கொடுக்காப்புளி, இலந்தை, நாவல், வேம்பு. பழ மரத்தில் ஒன்றே ஒன்று வைக்க இடம் இருக்கிறது என்றால் சப்போட்டா என்பேன், உப்பைத் தாங்கும், பராமரிப்பும் குறைவு. தென்னைக்கு 3 அடிக்கு 3 அடி, 3 அடி ஆழம் குழி வெட்டி, அடியில் தேங்காய் மட்டைகளை நார்ப்பக்கம் மேலே பார்க்க இரண்டு அடுக்கு பரப்புங்கள். மட்டை பஞ்சு போல ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஓட்டு வீட்டின்மேல் தேங்காய் விழாத தூரத்தில் நடுவதை நட்ட பிறகு யோசிக்க முடியாது.

வீட்டுச் சுவரை ஒட்டி, காற்று மறைவில், மாதுளை, கறிவேப்பிலை, மருதாணி, மல்லிகை. மருதாணியை வரிசையாக வைத்து வெட்டி விட்டால் நல்ல வேலியாகும், பெருநாளைக்கும் கல்யாணத்துக்கும் தெருவே வந்து பறிக்கும். எலுமிச்சை, மா, வாழை மூன்றும் உப்புக்கு மிகவும் வாடும். தண்ணீர் நன்றாக இருந்தால் மட்டுமே வையுங்கள். வாசலுக்கு நிறம் வேண்டும் என்றால் காகிதப்பூவும் நித்தியகல்யாணியும் ஏமாற்றாது. அரளியும் தாங்கும், ஆனால் அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. சின்னக் குழந்தையும் ஆடும் இருக்கும் வீட்டில் நான் வைக்க மாட்டேன்.

பனையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புரட்டாசியில் எல்லையோரமாகப் பனங்கொட்டையைப் புதைத்துவிட்டு மறந்துவிடுங்கள். தண்ணீர் கேட்காது, உரம் கேட்காது. காய்ப்பதைப் பார்க்க ஏறத்தாழ 15 ஆண்டுகளாவது பொறுக்க வேண்டும், அது உங்கள் பிள்ளைக்கு. ஏற்கெனவே நிற்கும் பனையை "அழகாக இல்லை" என்று வெட்டச் சொல்கிறவரை வேலைக்கு வைக்காதீர்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்திருக்கிறது.

கேள்வி: புல்தரை?

பிடிவாதமாக வேண்டும் என்றால், வீட்டு நிழலில் ஒரு பாய் அளவுக்கு அருகம்புல். கொரியன் புல்லுக்குச் செலவாகும் தண்ணீரில் ஒரு சப்போட்டாவும் இரண்டு தென்னையும் வளர்க்கலாம். மணலை மணலாகவே விட்டுப் பெருக்கி வைத்த முற்றம் நம் ஊர் அழகு. மாலையில் பாய் விரித்து உட்கார்ந்தால் குளிர்ச்சி. முழுவதும் பேவர் கல் பதித்துவிட்டால் இரவு வரை சூடு இறங்காது, மழையும் மண்ணுக்குள் போகாது.

கேள்வி: மனை முழுவதும் சீமைக் கருவேலம். வெட்டினால் மறுபடி தழைக்கிறது. என்ன செய்வது?

தரையோடு வெட்டினால் நான்கு மடங்காகத் தழைக்கும். அதன் உயிர் மண்ணுக்குள் ஒரு சாண் ஆழத்தில், வேர்க்கழுத்தில் இருக்கிறது. ஜேசிபி வைத்து வேரோடு பிடுங்கினால்தான் தீரும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது செய்தால் நேரம் மிச்சம். கட்டையை வீணாக்க வேண்டாம், கரிமூட்டம் போடுகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள், சில இடங்களில் பிடுங்கும் கூலியில் ஒரு பகுதி அதிலேயே கழியும். முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பிடுங்கியதோடு வேலை முடியாது. விதை மண்ணில் காத்திருக்கும், ஆடு மாடு தின்று போடுவதிலும் வரும். அடுத்த இரண்டு மழைக்காலத்துக்குக் கன்றாக இருக்கும்போதே கையால் பிடுங்க வேண்டும். ஆள் வைத்தால் இதையும் சேர்த்துப் பேசுங்கள். ஒரு எச்சரிக்கை: காற்று பிடிக்கும் பக்கத்தில் இருப்பதைக் கடைசியாக எடுங்கள். புதுக்கன்று எழும்பும் வரை அந்த வேண்டாத மரமே தடுப்பாக நிற்கட்டும்.

கேள்வி: எந்த மாதத்தில் வேலையைத் தொடங்குவது?

ஆவணியில் குழி, புரட்டாசியில் மண்ணும் எருவும் நிரப்பி ஆறவிடுதல், ஐப்பசியில் முதல் நல்ல மழைக்குப் பிறகு நடுதல். வேர் மழையில் இறங்கி, தையிலிருந்து வரும் வெயிலுக்குத் தயாராகிவிடும். கிரகப்பிரவேசம் பங்குனியில் என்பதற்காகப் பங்குனியில் நடாதீர்கள். விருந்தினர் ஒருநாள் பார்ப்பார்கள். அன்றைக்குத் தொட்டிச் செடி போதும்.

நாற்றுப்பண்ணையில் நல்ல தண்ணீரில் வளர்ந்த கன்றை வந்ததும் உப்பு மண்ணில் இறக்கக் கூடாது. இரண்டு வாரம் காற்று மறைவில் வைத்து, உங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஊற்றிப் பழக்குங்கள். பையை அசைத்து வேரைப் பாருங்கள், பைக்குள் சுருண்டு சுருண்டு கிடந்தால் அந்தக் கன்று வேண்டாம். உயரமான கன்றுக்கு ஆசைப்படாதீர்கள். குட்டையாக, தண்டு தடித்து இருப்பதுதான் காற்றில் நிற்கும்.

கேள்வி: நாள் கூலியா, மொத்தமாகப் பேசி விடுவதா?

குழி வெட்டுவது, வேலி கட்டுவது, மண் பரப்புவது போன்ற கண்ணுக்குத் தெரியும் வேலையை மொத்தமாகப் பேசலாம். நடுவதை மட்டும் நாள் கூலிக்கு வையுங்கள். மொத்தமாகப் பேசினால் அவசரம் வரும், அவசரத்தில் பையைக் கிழிக்காமலேயே குழிக்குள் இறக்கிவிடுவதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், உறவுக்காரரே ஆனாலும். எத்தனை கன்று, எந்த மரம், எத்தனை அடி உயரம், குழியின் அளவு, மண் எத்தனை யூனிட், எந்த இடத்து மண், எரு எவ்வளவு, வேலை முடியும் நாள், பட்டுப்போன கன்றை எத்தனை மாதத்துக்குள் மாற்றித் தருவார். முன்பணம் பொருள் வாங்கும் அளவுக்கு மட்டும் கொடுங்கள். நான் நாற்றுப்பண்ணைக்காரருக்குப் பேசிய தொகையில் ஐந்தில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, அடுத்த ஆவணியில் தருவதாக முதலிலேயே சொல்லி அவர் சம்மதத்தோடு எழுதினேன். ஆவணியில் அவரே வந்து ஒவ்வொரு கன்றாகத் தொட்டுப் பார்த்தார். பட்டுப்போன மூன்றுக்கு வேறு கொண்டுவந்தார். பணத்தைக் கொடுத்தபோது எங்கள் இருவருக்குமே நிறைவாக இருந்தது.

நாள் கூலியை அன்றன்று மாலையே கொடுத்துவிடுங்கள். வெயில் ஏறும் முன் வேலையைத் தொடங்கி, உச்சிவேளையில் ஓய்வு விடுங்கள். நம் சித்திரை வெயிலில் மணலில் நிற்பது என்ன என்று தெரிந்தவர்கள் நாம்.

கேள்வி: நான் வளைகுடா நாட்டில் இருக்கிறேன். ஊரில் அம்மா மட்டும். தொலைவிலிருந்து செய்ய முடியுமா?

முடியும், ஆனால் ஒரே மூச்சில் வேண்டாம். முதல் ஆண்டு மழைநீர்க் குழாய், கிணறு, வேலி மட்டும். அடுத்த விடுமுறையை ஐப்பசியில் எடுத்து வந்து, நடும்போது நீங்களே நில்லுங்கள். இடையில் படம் அனுப்பச் சொன்னால் செடியின் படம் போதாது, குழிக்குள் அளவு நாடா வைத்த படத்தைக் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக அம்மாவிடம் கேளுங்கள். முருங்கையும் கறிவேப்பிலையும் எங்கே இருந்தால் அவருக்குப் பறிக்க வசதி, வெந்நீர் வைக்கும் அடுப்புக்குப் போகும் வழி எது, மாலையில் எங்கே உட்காருவார். படம் வரைகிறவருக்கு இது எதுவும் தெரியாது. ஆள் வந்து போகும் நேரத்தையும் அம்மாவைக் கேட்டே முடிவு செய்யுங்கள், பக்கத்து வீட்டார் ஒருவர் கூட இருக்கும் நேரமாக இருக்கட்டும்.

கேள்வி: பாத்தி ஓரம் வைக்கப் பவளக்கல் கொண்டுவந்து தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

கூடவே கூடாது. ஒருகாலத்தில் இந்தக் கரையில் பவளப்பாறையை உடைத்துச் சுண்ணாம்புக்கும் சுவருக்கும் எடுத்தார்கள், அதன் விலையை மீன்பாடு குறைந்து நாம் கொடுத்தோம். 2001 முதல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. எடுப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். ஓரத்துக்குப் பனங்கட்டை போதும், அழகும் கூட.

கேள்வி: வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே மணல் மேடு மறைக்கிறது. சமன் செய்யலாமா?

அது உங்கள் வீட்டின் காவல்காரன், உங்கள் கிணற்றின் தொட்டியும் அதுதான். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, அழகுபடுத்துவதற்காக மணல் மேட்டைக் கலைப்பதைத் தடை செய்கிறது. மேட்டின்மேல் படரும் அடப்பங்கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் களை என்று பிடுங்கச் சொல்லாதீர்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பவை அவைதாம். கொடி விட்டுப்போன இடம் இருந்தால், மழைக்காலத்தில் ஒரு முழ நீளத்துக்கு வெட்டிப் புதைத்தால் போதும்.

கடலைப் பார்த்து மின்விளக்கும் வைக்க வேண்டாம். தை முதல் பங்குனி வரை நம் கரைகளில் ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன. பொரித்த குஞ்சு வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்து உங்கள் வாசலுக்கு வந்து சேரும்.

கேள்வி: உரத்துக்கு என்ன செய்வது?

மட்கிய ஆட்டுப் புழுக்கை, அதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை. மீன் கழிவு கிடைத்தால் அதே எடைக்குக் கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்து, மூடி வைத்து, 21 நாள் கழித்து வடிகட்டுங்கள். 1 லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி கலந்து தெளித்தால் இலை பளபளக்கும். கரையில் ஒதுங்கும் கடல்பாசியை நல்ல தண்ணீரில் அலசி மட்கவைத்தும் போடலாம். மன்னார் வளைகுடாவின் ஆளில்லாத தீவுகளில் போய் எடுக்க வேண்டாம், அது தேசியப் பூங்கா.

கேள்வி: நட்ட பிறகு எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர்?

முதல் கோடைக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை, மாலையில், தூரில் மட்டும். உப்புத் தண்ணீரை இலைமேல் தெளித்தால் காய்ந்து இலையைச் சுடும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் உப்பு வேரைச் சுற்றியே தங்கிவிடும், இடைவெளி விட்டு நிறைய ஊற்றினால் கீழே இறங்கும். தூரைச் சுற்றிப் பனையோலை, சருகு, தென்னை மட்டை எதையாவது மூடாக்காகப் போடுங்கள். வெளியூர் போகிற வீட்டில் கன்றுக்குப் பக்கத்தில் ஒரு மண் பானையைக் கழுத்து வரை புதைத்து நிரப்பி மூடிவிட்டால், அது கசிந்து கசிந்து சில நாளைக்கு ஊட்டும்.

ஆடியில் காற்று ஓய்கிற நாளில், கைவசம் நல்ல தண்ணீர் இருந்தால், கடல் பக்கத்து இலைகளை ஒருமுறை கழுவிவிடுங்கள். எங்கள் வீட்டில் அதைப் பிள்ளைகள் செய்கிறார்கள். ஒரு வாளி மழைநீர், ஒரு பழைய துணி, பூவரசின் கீழ்க்கிளை வரை எட்டும் கை.